கேரி லைசன்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கியைக் காரில் கொண்டுபோவது: டல்லாஸ் முதல் எடிசன் வரை

ஃபிரிஸ்கோவாசி
டல்லாஸ் பக்கமிருந்து நியூ ஜெர்சி எடிசனுக்கு வீடு மாற்றம். கடையில் முறையாக வாங்கிய 9 மி.மீ. கைத்துப்பாக்கி ஒன்று இருக்கிறது. டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல் 21 வயதானவர்கள் லைசன்ஸ் இல்லாமலே வைத்துக்கொண்டு நடமாடலாம் என்பதால் கேரி லைசன்ஸ் (துப்பாக்கியை உடன் எடுத்துச்செல்லும் உரிமம்) எடுக்கவே இல்லை. மத்தியச் சட்டம் வழியெல்லாம் காப்பாற்றும் என்று ஒருவர் சொல்கிறார். ஜெர்சிக்குள் டயர் பட்டாலே உள்ளே தள்ளுவார்கள் என்கிறார் இன்னொருவர். எது சரி? வண்டி எஸ்யூவி, தனி டிக்கி கிடையாது.

பிரிவு926
இரண்டு பேரும் பாதி சரி. ஆனால் அதற்குப் போகுமுன் ஒன்று சொல்லுங்கள்: சிட்டிசனா, கிரீன் கார்டா, எச்1பியா?

எச்1பி, எஃப்1, எல்1 என்று எந்தத் தற்காலிக விசாவில் இருந்தாலும் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே மத்தியக் குற்றம். 18 யு.எஸ்.சி. 922(ஜி)(5)(பி). பெட்டியில் பூட்டியிருந்தாலும் குற்றம்தான். தனியார் ரேஞ்சில் (சுடும் பயிற்சிக்கூடத்தில்) வாடகைக்கு வாங்கி அரைமணி நேரம் சுடுவதும் சட்டத்தின் கண்ணில் கைவசம் வைத்திருப்பதுதான். ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை லைசன்ஸ் காலாவதியாகாமல் கையில் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அது இல்லையென்றால் பயணம் பற்றிய பேச்சே வேண்டாம். 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு உச்சபட்ச தண்டனை 15 ஆண்டு.

ஃபிரிஸ்கோவாசி
கிரீன் கார்டு.

பிரிவு926
அப்படியானால் வைத்திருக்கலாம். ஆனால் சிட்டிசனைவிட உங்களுக்கு இழப்பு பெரிது. குடியேற்றச் சட்டத்தில் துப்பாக்கிக் குற்றம் தனிப் பிரிவு. சட்டவிரோதமாக வைத்திருந்ததாகவோ எடுத்துச் சென்றதாகவோ தீர்ப்பானால் நாடு கடத்தலாம். சிறை எத்தனை நாள் என்பது அங்கே கணக்கே இல்லை. வக்கீல் 'சின்னக் குற்றமாகக் குறைத்துக் கையெழுத்துப் போட்டுவிடலாம்' என்றால்கூட குடியேற்ற வக்கீலைக் கேட்காமல் போடக்கூடாது.

இனி உங்கள் கேள்வி. 1986இல் வந்த துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 926ஏ பிரிவு சொல்வது சுருக்கமாக இதுதான்: புறப்படும் இடத்திலும் போய்ச்சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச்செல்லவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்க வேண்டும், வழியில் அதில் தோட்டா இருக்கக்கூடாது, துப்பாக்கியும் தோட்டாவும் ஆட்கள் உட்காரும் பகுதியிலிருந்து கைக்கெட்டும்படி இருக்கக்கூடாது. தனி டிக்கி இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். டேஷ்போர்டு பெட்டியும் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே உள்ள கன்சோலும் பூட்டியிருந்தாலும் செல்லாது என்று சட்டமே பெயர் சொல்லி விலக்கியிருக்கிறது.

இவ்வளவும் சரியாக இருந்தால் நடுவில் வரும் மாநிலம் என்ன சட்டம் வைத்திருந்தாலும் அதை மீறி நீங்கள் கடக்கலாம். கடக்கலாம் என்ற சொல்லைக் கவனியுங்கள். தங்கலாம் என்று அதில் இல்லை.

மினிவேன்மாமா
பெட்டி விஷயத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுறாங்க, அதனால கொஞ்சம் விரிவா.

துப்பாக்கி வாங்கும்போது கடையில் தர்ற பிளாஸ்டிக் பெட்டி இருக்கே, அதுல ரெண்டு ஓட்டை இருக்கும். ஒரு ஓட்டையில் மட்டும் பூட்டு போட்டா மறு மூலையை நெம்பி விரலை உள்ளே விட்டுடலாம். ரெண்டிலும் போடுங்க. மூலையை இழுத்துப் பாருங்க. வாய் திறந்துச்சுன்னா அந்தப் பெட்டி வேண்டாம், கெட்டியானது வாங்குங்க. கூடவே வர்ற கம்பிப் பூட்டைத் துப்பாக்கிக்குள்ளே கோத்துடலாம். ஆனா கம்பிப் பூட்டு போட்டதால பெட்டி பூட்டினதா ஆகாது. சட்டம் கேட்பது பூட்டிய பெட்டி.

மேகசினை (தோட்டா அடுக்குற கூடு) கழட்டி, ஸ்லைடை (மேலே பின்னுக்கு இழுபடுற பகுதி) இழுத்து, சேம்பரை (சுடத் தயாரா தோட்டா உட்காரும் இடம்) கண்ணால பார்த்து, விரலாலயும் தொட்டுப் பார்த்து உறுதி பண்ணுங்க. அந்த வரிசை மாறக்கூடாது. ஸ்லைடை முதல்ல இழுத்துட்டு அப்புறம் மேகசினைக் கழட்டினா அடுத்த தோட்டா சேம்பருக்குள்ள ஏறி உட்கார்ந்துடும், 'காலி'ன்னு நினைச்சுக்கிட்டுப் பூட்டிடுவீங்க.

தோட்டாவை வேற ஒரு பெட்டியில் வச்சு அதையும் பூட்டுங்க. மேகசினில் ஒரு ரவைகூட மிச்சம் வேண்டாம். மத்தியச் சட்டம் ரெண்டையும் தனித்தனியா வைன்னு சொல்லலைதான், ஆனா சில மாநிலங்கள் 'தோட்டா நிரப்பிய' என்பதுக்குத் தர்ற அர்த்தமே வேற.

எஸ்யூவியில் இந்த ரெண்டு பெட்டியும் ஆகக் கடைசியில், மேலே நாலு பெட்டி சாமான் அடுக்கின பிறகு அடியில் இருக்கணும். ஓட்டுறவர் கையை நீட்டி எடுக்க முடியாதுன்னு போட்டோ பார்த்தாலே தெரியணும். பூட்டிவிட்டு ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டா தப்பில்லை. செடான் வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு: பின்சீட்டை மடக்கினா டிக்கிக்குள்ள கை போகும்னா அது 'தனி'ன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. டிக்கியில் வச்சாலும் பெட்டியைப் பூட்டிடுங்க.

ஓக்ட்ரீ_ஓரம்
டெஸ்லாவில் முன்பக்க டிக்கி?

மினிவேன்மாமா
உள்ளேயிருந்து கை போகாத தனி அறை, அதனால பொருந்தும்னுதான் படுது. அப்பவும் பூட்டின பெட்டிக்குள்ள வச்சு அங்கே வைங்க. சாலையோரத்தில் போலீசுக்கு டெஸ்லா உடற்கூறு பாடம் எடுக்க வேண்டி வராது.

பிரிவு926
இன்னொன்று சேர்க்கிறேன். ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் காகிதங்களைத் துப்பாக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் எங்கும் வைக்காதீர்கள். சன்வைசரில் செருகிவிடுங்கள்.

ராரிட்டன்_ரேஞ்ச்
ஜெர்சிப் பக்கம் நான் சொல்கிறேன்.

இங்கே கேரி பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பது ஜெர்சி குற்றவியல் சட்டத்தின் 2சி:39-5(பி) பிரிவுப்படி இரண்டாம் நிலைக் குற்றம். 5 முதல் 10 ஆண்டு. கிரேவ்ஸ் சட்டம் என்று ஒன்று உண்டு. அதன்படி குறைந்தது 42 மாதம் பரோல் இல்லாமல் உள்ளே இருக்க வேண்டும். முன்குற்றம் இல்லாதவர், நல்ல வேலை, குழந்தைகள் என்பதெல்லாம் நீதிபதி இஷ்டத்துக்குக் குறைக்கும் காரணமில்லை. வேறு மாநில கேரி லைசன்ஸ் இங்கே வெறும் பிளாஸ்டிக். 2013இல் பென்சில்வேனியா லைசன்ஸோடு வந்த ஷனீன் ஆலன் என்ற பெண் இங்கே சாலையில் நிறுத்தப்பட்டபோது தானாகவே துப்பாக்கி இருப்பதைச் சொல்லிக் கைதானார். 2015இல் ஆளுநர் கிறிஸ்டி மன்னிப்பு கொடுத்த பிறகுதான் அது முடிந்தது.

விதிவிலக்குகள் அதே சட்டத்தின் 39-6இல் இருக்கின்றன. சொந்த வீட்டிலும் சொந்தத் தொழிலிடத்திலும் பெர்மிட் இல்லாமல் வைத்திருக்கலாம். வாங்கிய இடத்திலிருந்து வீட்டுக்கு, வீட்டுக்கும் பழுதுபார்க்கும் கடைக்கும் இடையே, ரேஞ்சுக்குப் போய்வர, வீடு மாறும்போது ஒரு வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு. இந்த நான்கும்தான் சாதாரணமாக நமக்கு வரும். எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை: தோட்டா இல்லாமல், மூடி இறுக்கிய பெட்டியில், அல்லது பூட்டிய டிக்கியில், நியாயமாகத் தேவைப்படும் அளவுக்கு மேல் வழிமாறக்கூடாது. ரேஞ்சிலிருந்து திரும்பும்போது பெட்ரோல் போடுவது சரி. எடிசன் கடைவீதியான ஓக் ட்ரீ ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு மளிகை, சலூன், நண்பர் வீட்டுக் காபி என்று போவது சரியில்லை.

விதிவிலக்கு இருக்கிறது என்பதற்காக அது தானாக வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம். பிரையன் எய்ட்கன் வழக்கில் வீடு மாறிக்கொண்டிருந்தேன் என்பதுதான் அவர் வாதம். அந்த விதிவிலக்கைப் பரிசீலிக்க ஜூரிக்கு நீதிபதி அனுமதிக்கவில்லை. 7 ஆண்டு தண்டனை. 2010 டிசம்பரில் ஆளுநர்தான் குறைத்து வெளியே விட்டார். ஆகவே வாடகை ஒப்பந்தம், வேலை மாற்றக் கடிதம், டெக்சஸ் வீட்டைக் காலி செய்த காகிதம், துப்பாக்கி வாங்கிய ரசீது எல்லாம் அச்சடித்துக் கையில் இருக்கட்டும். போனில் இருக்கிறது என்பது போதாது; போனையும் எடுத்துக்கொள்வார்கள்.

ஃபிரிஸ்கோவாசி
துப்பாக்கியோடு வந்த இரண்டு மேகசினிலும் 15 ரவை பிடிக்கும். அது பரவாயில்லையா?

ராரிட்டன்_ரேஞ்ச்
கூடாது. நல்ல கேள்வி, பலர் மாட்டுவது இதில்தான். 2018 ஜூனிலிருந்து ஜெர்சியில் 10 ரவைக்கு மேல் பிடிக்கும் மேகசின் தடை. காலியாக இருந்தாலும், துப்பாக்கியே இல்லாமல் மேகசின் மட்டும் இருந்தாலும் தனிக்குற்றம். 926ஏ துப்பாக்கியையும் தோட்டாவையும்தான் பெயர் சொல்கிறது, மேகசினைச் சொல்லவில்லை. அது துப்பாக்கியின் பகுதி என்று வாதாடலாம். ஆனால் நீங்கள் ஜெர்சியைக் கடந்துபோகவில்லையே, இங்கேயே குடிவருகிறீர்கள். அங்கேயே விற்றுவிட்டு, அதே மாடலுக்கு 10 ரவை மேகசின் இரண்டு டெக்சஸிலேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

அடுத்தது தோட்டா. முனையில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் ரகம் ஜெர்சியில் தனி விவகாரம். வீட்டில் வைத்திருக்கலாம், வாங்கிய இடத்திலிருந்து வீட்டுக்கு எடுத்துவரலாம், ரேஞ்சுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்கு மாற்றும்போது என்று அந்தப் பிரிவில் எழுதியில்லை. அந்த இடைவெளியில் போய் நிற்காதீர்கள். இருப்பதைச் சுட்டுத் தீர்த்துவிட்டு முழு உலோக உறை போட்ட சாதாரணத் தோட்டா ஒரு பெட்டி, 50 எண்ணம், அது போதும். அதுகூட இல்லாமல் வந்தால் இன்னும் நல்லது. 9 மி.மீ. தோட்டா எடிசனிலும் கிடைக்கும்.

பிரிவு926
வழியையும் தங்குமிடத்தையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஏனென்றால் 926ஏ உடைவது பெரும்பாலும் இரவில்தான்.

கிரெக் ரெவல் வழக்கு இதற்குப் பாடம். 2005இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவின் அலன்டவுனுக்கு விமானத்தில் போனவர். துப்பாக்கியை முறைப்படி அறிவித்து, பூட்டி, செக்கின் பையில் போட்டிருந்தார். நியூவர்க்கில் இணைப்பு தவறியது. பையை வாங்கிக்கொண்டு விமான நிலைய ஹோட்டலில் இரவு தங்கினார். மறுநாள் காலையில் கவுன்டரில் போய் நேர்மையாகத் துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னார். கைது. வழக்கு பிற்பாடு கைவிடப்பட்டது. அவர் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கில் 2010இல் மூன்றாவது சர்க்யூட் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: ஹோட்டல் அறையில் பை உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, ஆகவே அந்த இரவு 926ஏ உங்களைக் காக்காது. விமானம் தவறியது அவர் குற்றமில்லை என்று ஒத்துக்கொண்டே சொன்னது.

இதிலிருந்து எடுக்க வேண்டியது: உங்களுக்கு இரவு விழும் இடம், மத்தியச் சட்டமே இல்லாவிட்டாலும் துப்பாக்கியோடு தங்க அந்த மாநிலச் சட்டமே விடுகிற இடமாக இருக்க வேண்டும். டல்லாஸிலிருந்து ஐ-30, லிட்டில் ராக்கில் ஐ-40, டென்னசி கடைசியில் ஐ-81. முதல் இரவு நாஷ்வில், இரண்டாம் இரவு வர்ஜீனியாவில் ஹாரிசன்பர்க் பக்கம். அங்கிருந்து எடிசன் ஐந்தரை, ஆறு மணி நேரம்தான். வின்செஸ்டரில் டேங்க்கை நிரப்பிவிட்டால் வெஸ்ட் வர்ஜீனியா, மேரிலாந்து இரண்டையும் நிற்காமல் தாண்டலாம். ஐ-81 மேரிலாந்துக்குள் ஓடுவது வெறும் 12 மைல். பென்சில்வேனியாவில் ஐ-78 பிடித்து டெலவேர் ஆறு தாண்டினால் ஜெர்சி. ஐ-95இல் ஏறி வாஷிங்டன், பால்டிமோர் என்று சுற்றுவது எந்த விதத்திலும் லாபமில்லை.

இரண்டே நாளில் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். 1,500 மைல் சொச்சம். களைத்துப்போய் மேரிலாந்து மோட்டலில் ஒதுங்குவதற்கு அதுதான் காரணமாகும்.

சிகாகோ_சீனு
டென்னசி, வர்ஜீனியா வரைக்கும் எல்லாமே சுலபமான மாநிலங்கள்தானே? அதுவரை பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேரிலாந்துக்கு முன்னால் பூட்டிக்கொண்டால் என்ன?

பிரிவு926
அர்கான்சஸ், டென்னசியில் சட்டம் விடும். ஆனால் பள்ளிக்கூடச் சட்டம் ஒன்று மத்தியில் இருக்கிறது. பள்ளியின் எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போகக்கூடாது. வண்டியில் போகிறவருக்குப் பொருந்தும் முக்கிய விதிவிலக்கு இரண்டு: பள்ளி இருக்கிற மாநிலமே கொடுத்த லைசன்ஸ், அல்லது தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டி. லைசன்ஸே வேண்டாம் என்று மாநிலம் விட்டுவிட்டால் உங்களிடம் லைசன்ஸ் இல்லை என்றுதானே பொருள்? நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஊருக்குள் சாப்பிடப் போனால் எந்தத் தெருவில் பள்ளி என்று யாருக்குத் தெரியும்.

இரண்டாவது காரணம் இன்னும் சாதாரணமானது. பெட்ரோல் பங்க்கில் டிக்கியைத் திறந்து துப்பாக்கியைக் கையில் வைத்துக் குடைந்துகொண்டிருப்பவரைப் பார்த்து யாராவது 911க்கு அடிப்பார்கள். டல்லாஸ் வீட்டுக்குள் பூட்டியது எடிசன் வீட்டுக்குள் திறக்கட்டும்.

இல்லினாயில் இருப்பதால் உங்களுக்கு ஒன்று: டிக்கின்ஸ் வழக்கில் 2009இல் உங்கள் மாநில உச்ச நீதிமன்றம் கன்சோலையும் 'பெட்டி'தான் என்று சொல்லிவிட்டது. அது இல்லினாய் சட்டத்துக்கு மட்டும். அதே பழக்கத்தில் எல்லை தாண்டினால் 926ஏ கைவிட்டுவிடும்.

குயின்ஸ்_குப்பு
நியூயார்க்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

இங்கே எடுத்துச்செல்வதற்கு மட்டுமல்ல, வீட்டில் வைத்திருக்கவே லைசன்ஸ் வேண்டும். கடந்து போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது நியூயார்க் தண்டனைச் சட்டத்தின் 265.00ஆம் பிரிவின் 15ஆம் உட்பிரிவு. துப்பாக்கி காலியாக இருந்தாலும், அதில் போட்டுச் சுடக்கூடிய தோட்டா அதே நேரத்தில் உங்கள் கைவசம் இருந்தால் அது 'தோட்டா நிரப்பிய துப்பாக்கி'. துப்பாக்கி ஒரு பெட்டி, தோட்டா ஒரு பெட்டி என்று பிரித்து வைத்திருந்தாலும் சரி. வீட்டுக்கும் தொழிலிடத்துக்கும் வெளியில் அப்படிப் பிடிபட்டால் குறைந்தபட்சம் மூன்றரை ஆண்டு, அதிகபட்சம் 15.

லைசன்ஸ் வைத்திருந்த உள்ளூர்க்காரர்களுக்கே 2019 வரை தலைவலி இருந்தது. நகரத்தின் வீட்டு லைசன்ஸ் வைத்திருப்பவர் பூட்டிய பெட்டியில்கூட நகருக்குள் இருந்த ஏழு ரேஞ்சுகளைத் தவிர வேறெங்கும் கொண்டுபோகக்கூடாது. வெளியூரில் இரண்டாவது வீடு இருந்தால் அங்கேயும் கூடாது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதும் நகராட்சி விதியைத் தளர்த்திவிட்டது. 2020 ஏப்ரலில் வழக்கு காலாவதி என்று நீதிமன்றம் முடித்துவிட்டது.

சிகாகோ_சீனு
விமானத்தில் அனுப்பிவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே?

குயின்ஸ்_குப்பு
டல்லாஸில் ஏறும்போது தொல்லையே இருக்காது. காலி துப்பாக்கி, கெட்டிப் பெட்டி, பூட்டு, கவுன்டரில் அறிவிப்பு, செக்கின் பை. சாவி உங்களிடம் மட்டும் இருக்க வேண்டும் என்கிறது விதி. பலர் டிஎஸ்ஏ (விமானநிலையப் பாதுகாப்புத் துறை) அதிகாரிகள் எல்லோரும் திறக்கக்கூடிய டிஎஸ்ஏ பூட்டு போடுகிறார்கள். டிஎஸ்ஏ அதையும் ஏற்கிறது, ஆனால் சாதாரணப் பூட்டுதான் மேல். தோட்டா அட்டையிலோ பிளாஸ்டிக்கிலோ அதற்கென்றே செய்த பெட்டியில். பல விமான நிறுவனங்கள் 11 பவுண்டுக்கு மேல் விடுவதில்லை. கைப்பையில் மறந்து வைத்துவிட்டு ஸ்கேனரில் மாட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில்: 2023இல் மட்டும் 6,737 துப்பாக்கி. லைசன்ஸ் இருப்பவருக்கும் அபராதம் உண்டு.

மாட்டுவது திரும்பும்போது. ஜேஎஃப்கே, லகார்டியா, நியூவர்க் மூன்றிலும் கவுன்டரில் 'என்னிடம் துப்பாக்கி இருக்கிறது' என்று விதிப்படி சொல்வதே போலீசுக்கு அழைப்பு. 926ஏ வண்டியில் கொண்டுபோவதைத்தான் காக்கிறது, விமான நிலையத்துக்குள் கையில் தூக்கிக்கொண்டு நடப்பதை அல்ல என்று 2013இல் அதே மூன்றாவது சர்க்யூட் தீர்ப்பளித்திருக்கிறது. விமானம் இந்த ஊர்களில் திசைதிருப்பி இறக்கப்பட்டால் பையைத் தொடவே தொடாதீர்கள். ஊழியரிடம் சொல்லி அவர்கள் காவலிலேயே விட்டுவிடுங்கள்.

பேஏரியா_பாலா
கலிஃபோர்னியாவுக்குக் குடிபோகிற யாராவது படிப்பார்கள் என்று இரண்டு வரி. இங்கே தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டியிலோ பூட்டிய டிக்கியிலோ கொண்டுபோனால் போதும். அதைச் சொல்லும் கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 25610ஆம் பிரிவில் 'அமெரிக்கக் குடிமகன்' என்றே எழுதியிருக்கிறது. கிரீன் கார்டுகாரர்கள் 25525ஐப் பார்க்க வேண்டும். அதில் சட்டப்படி வசிப்பவரும் உண்டு, ஆனால் வீடு, தொழிலிடம், சொந்த நிலம் ஆகியவற்றுக்கு இடையே நேராகப் போக மட்டும். காரில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனால் வெளியே தெரியாதபடி பூட்டிய பெட்டியிலோ டிக்கியிலோ இருக்க வேண்டும். இல்லையென்றால் 1,000 டாலர் வரை அபராதம்.

ஃபிரிஸ்கோவாசி
வழியில் போலீஸ் நிறுத்தினால் நானாகச் சொல்ல வேண்டுமா?

ராரிட்டன்_ரேஞ்ச்
சொல்லிவிடுவதே மரியாதை என்பேன். கை ஸ்டீயரிங்கில், குரல் நிதானமாக. பின்னால் தெரிந்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும்.

பிரிவு926
இதில் ஒத்துப்போக முடியவில்லை அண்ணே. நீங்களே மேலே எழுதிய பெண் தானாகச் சொல்லித்தானே மாட்டினார்? வேகத்துக்காக நிறுத்தினால் லைசன்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் கொடுப்பதோடு சரி. கேட்டால் பொய் சொல்லக்கூடாது. பொய் தனி வினை. 'ஆயுதம் ஏதும் இருக்கிறதா' என்று நேராகக் கேட்டால், 'இருக்கிறது, காலியாக, பின்னால் பூட்டிய பெட்டியில், வீடு மாறுகிறோம்' என்று ஒரே வாக்கியம். வண்டியைச் சோதிக்கலாமா என்றால் 'என் சம்மதம் இல்லை' என்று மரியாதையாகச் சொல்லலாம். அதற்கு மேல் அவர்கள் சோதித்தால் தடுக்கக்கூடாது. வாதம் வக்கீல் வேலை.

ராரிட்டன்_ரேஞ்ச்
கேரி லைசன்ஸ் வைத்திருப்பவர் உடனே சொல்லியாக வேண்டும் என்று சில மாநிலங்களில் இருப்பதை மனதில் வைத்து எழுதினேன். பூட்டி வைத்திருப்பவருக்கு உங்கள் வழி சரிதான்.

வந்து சேர்ந்த பிறகு: ஜெர்சியின் 2022 சட்டப்படி புதிதாகக் குடிவருபவர் 60 நாளுக்குள் துப்பாக்கி அடையாள அட்டை வாங்கி, வெளிமாநிலத் துப்பாக்கியைப் பதிய வேண்டும். கைரேகை, பரிந்துரை என்று இழுக்கும், அதனால் பெட்டி பிரித்த வாரமே ஆரம்பியுங்கள். போலீஸ் நிலையத்துக்குத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். மாடல், சீரியல் எண் குறித்துக்கொண்டு போங்கள்.

ஃபிரிஸ்கோவாசி
புரிந்தது. கடைசியாக ஒன்று. சாமான் லாரியில் கட்டில், பீரோவோடு அதையும் ஏற்றிவிட்டால்?

மினிவேன்மாமா
ஏத்தாதீங்க. மூவர்ஸ் கம்பெனி ஒப்பந்தத்தில் துப்பாக்கி, தோட்டா எடுக்க மாட்டோம்னு பெரும்பாலும் போட்டிருக்கும். சொல்லாம ஏத்தினா தொலைஞ்சாலும் கேட்க முடியாது, மாட்டினாலும் உங்க பேர். கூரியரும் 2022லேருந்து தனிஆள் கையிலிருந்து வாங்கிறதில்லை. டீலர் மூலமா டீலருக்கு அனுப்பலாம், ஆனா ஜெர்சி டீலர் கைத்துப்பாக்கி வாங்கும் பெர்மிட் கேட்பார், அது வர்ற வரைக்கும் அவர் கடையில்தான் கிடக்கும். வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டுற யு-ஹால் லாரின்னா வேற கதை: கேபினுக்கும் சாமான் அறைக்கும் நடுவே சுவர் இருக்கு, அது தனி அறைதான். அப்பவும் பெட்டி பூட்டு ரெண்டும் வேணும், ராத்திரி ஹோட்டல் வாசலில் லாரியோட விட்டுட்டுத் தூங்கவும் கூடாது. லாரிதான் முதல்ல திருடு போறது.